மேட்ச் வாரத்தில் பீட்ரூட்: ஃபுட்பால் அணிக்கான அளவும் நேரமும்

பீப் ஒலிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய்த் திரும்பி ஓடும் யோ-யோ டெஸ்டில் ஒரு ஷட்டில் கூடுதல், கூடிப்போனால் இரண்டு. பீட்ரூட் ஜூஸிடம் ஒரு ஃபுட்பால் அணி எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவுதான். அதற்கு மேல் யாராவது ஆசை காட்டினால் டப்பா விற்க வந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் பொழுதுபோக்காக அணி விளையாட்டு ஆடுகிறவர்களிடம் செறிவூட்டிய ஜூஸைக் கொடுத்து யோ-யோ முதல் நிலை டெஸ்ட் வைத்தார்கள். சராசரி ஓட்டம் 1636 மீட்டரிலிருந்து 1704 மீட்டருக்குப் போனது. 2017-இல் வேறொரு ஆய்வுக் குழு பயிற்சி பெற்ற கால்பந்து வீரர்களுக்கு ஆறு நாள், தினம் 140 மி.லி. செறிவூட்டிய ஜூஸ் கொடுத்துப் பார்த்தது. 1574 மீட்டர் 1623 ஆனது. இந்த டெஸ்டில் ஒரு ஷட்டில் என்பது போக 20, வர 20, ஆக 40 மீட்டர். இந்திய கிரிக்கெட் தேர்வின் மூலம் நம் காதுக்குப் பழகிய 16.1 என்ற அளவு (பதினாறாம் வேகப் படியில் முதல் ஷட்டில்) 1120 மீட்டர் ஓட்டம். அதில் 4 சதவீதம் கூடினால் 45 மீட்டர். அதாவது 16.1-இல் நின்றவர் 16.2-இல் நிற்பார்.

சின்ன லாபம்தான். ஆனால் எண்பதாவது நிமிடத்தில் பின்னால் ஓடிவந்து பந்தை வெட்ட வேண்டிய மிட்ஃபீல்டருக்கு அது உதவாது என்று சொல்ல முடியாது. லாபம் சின்னதாக இருப்பதால்தான் அளவிலும் நேரத்திலும் கொஞ்சம் தவறினாலும் ஒன்றும் மிஞ்சாமல் போகிறது. ஜூஸ் குடித்தும் பலன் இல்லை என்கிறவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றில்தான் தவறியிருப்பார்கள்.

வாய் வழியாக இரண்டு முறை

பீட்ரூட்டில் வேலை செய்வது அதன் சிவப்பு நிறம் இல்லை, இரும்புச்சத்தும் இல்லை. நைட்ரேட். குடித்ததும் அது சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போகிறது. ரத்தத்தில் உள்ளதில் ஏறக்குறைய கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்துத் திரும்ப வாய்க்குள் விடுகின்றன. நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த எச்சிலை விழுங்கும்போது நைட்ரைட் ரத்தத்தில் ஏறுகிறது. ஆக்சிஜன் குறைந்து அமிலம் கூடிய தசையில் அது நைட்ரிக் ஆக்சைடு ஆகிறது. ரத்தக் குழாய் விரிகிறது, அதே வேலைக்குத் தசை கேட்கும் ஆக்சிஜனும் சற்றுக் குறைகிறது.

விலங்குச் சோதனைகளில் இந்தப் பலன் வேகமாகச் சுருங்கும் தசை நார்களில்தான் அதிகம் தெரிந்தது. ஸ்ப்ரிண்ட் அடிக்கும்போது வேலை செய்வது அந்த நார்கள்தான். நின்று, நடந்து, திடீரென்று பாய்ந்து, மறுபடி நிற்கிற ஃபுட்பால், ஹாக்கி போன்ற ஆட்டங்களுக்கு இது பொருந்தும் என்ற எதிர்பார்ப்பு அங்கிருந்துதான் வந்தது. மாரத்தான் ஓடும் உச்ச நிலை வீரர்களிடம் பலன் குறைவாகவே தெரிகிறது. கல்லூரி, மாவட்ட அணி ஆட்டக்காரர்கள் அவர்களைவிட லாபம் பார்க்க வாய்ப்பு அதிகம்.

இந்தச் சுற்றுப்பாதையைப் புரிந்துகொண்டால் நேரக் கணக்கு தானாக வந்துவிடும். வயிறு, ரத்தம், வாய், மறுபடி வயிறு என்று சுற்றி வருவதால் ரத்தத்தில் நைட்ரைட் உச்சத்தைத் தொட இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் ஆகிறது. வார்ம்-அப் நேரத்தில் குடிப்பது வீண். இடைவேளையில் குடித்தால் அது வேலை செய்யத் தொடங்கும்போது நீங்கள் பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருப்பீர்கள்.

எவ்வளவு

ஒரு வேளைக்கு 400 மி.கி. நைட்ரேட்டைக் குறியாக வையுங்கள். 310 முதல் 560 வரை என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் பொதுவாக ஏற்ற வரம்பு. ஆய்வுக் கட்டுரைகளில் இதை மில்லிமோல் கணக்கில் எழுதுவார்கள்; ஒரு மில்லிமோல் 62 மி.கி. அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்த ஒரு சோதனையில் ஏறக்குறைய 260 மி.கி.க்குத் தெளிவான பலன் இல்லை, 520-க்கு நன்றாகத் தெரிந்தது, 1040-க்கு அதைவிடக் கூடவில்லை. ஆகவே ஒரு தம்ளர் நல்லது என்றால் நான்கு தம்ளர் நான்கு மடங்கு நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது.

அந்த 400 மி.கி. எதில் கிடைக்கும் என்பதுதான் சிக்கல். ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்ட 'பீட் இட் ஸ்போர்ட்' என்ற செறிவூட்டிய ஜூஸில் 70 மி.லி. குப்பிக்கு சுமார் 400 மி.கி. இருக்கும். அது கிடைத்து, அணியின் பையும் தாங்கினால் வேலை சுலபம்.

பொடியும் கேப்சூலும் வேறு கதை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல பீட்ரூட் 100 கிராமில் 150 மி.கி. நைட்ரேட் இருப்பதாக வைப்போம். அதில் 87 கிராம் தண்ணீர். காய வைத்தால் மிஞ்சுவது 13 கிராம் பொடி. அதாவது பொடியில் நைட்ரேட் சுமார் 1.1 சதவீதம். 5 கிராம் ஸ்பூனில் 60 மி.கி.கூட வராது. 500 மி.கி. கேப்சூல் ஒன்றில் ஏறக்குறைய 6 மி.கி. அந்தக் கேப்சூலால் 400 மி.கி.யை எட்ட வேண்டுமானால் எழுபதை விழுங்க வேண்டும்! அதனால் லேபிளில் 'பீட்ரூட் 1000 மி.கி.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். 'நைட்ரேட் இத்தனை மி.கி.' என்று தனியாக அச்சிட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கீழே வையுங்கள். விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கும் பீட்ரூட் தயாரிப்புகளைச் சோதித்த 2019 ஆய்வில் ஒன்றுக்கொன்று நைட்ரேட் அளவு ஏறக்குறைய 50 மடங்கு வரை வேறுபட்டது.

இன்னொன்று: நைட்ரேட் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் 'ப்ரீ-வொர்க்அவுட்' என்ற பெயரில் பீட்ரூட்டோடு பத்துச் சாமான் கலந்து வரும் டப்பாவுக்குள் வேறு என்ன இருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சோதனைக்கு உட்படும் ஆட்டக்காரர் என்றால் 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்' போன்ற சோதனை முத்திரை உள்ள தயாரிப்பை வாங்குங்கள். இல்லையென்றால் காய்கறிக் கடைக்குப் போங்கள்.

மிக்ஸியில் செய்வது

வீட்டு ஜூஸில் நைட்ரேட் எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல வழியில்லை. தழைச்சத்து உரம் அதிகம் போட்ட வயல், வெயில் குறைந்த பருவம் இரண்டும் காயில் நைட்ரேட்டைக் கூட்டும். எக்ஸிட்டரில் 2009-இல் நடந்த முதல் சோதனைகளில் தினம் கொடுத்த சாதாரண ஜூஸ் 500 மி.லி.; அதில் சுமார் 350 மி.கி.தான் இருந்தது. அதை வைத்துப் பார்த்தால் குறியை எட்ட அரை லிட்டருக்கு மேல் வேண்டும்; மேலே சொன்னபடி 100 கிராமில் 150 மி.கி. உள்ள நல்ல காய் என்றால் தண்ணீர் கலக்காத ஜூஸ் 300 மி.லி. குறியை எட்டும்.

ஒருவருக்கு 600 கிராம் பீட்ரூட் எடுங்கள். உறுதியான, சுருங்காத காயாக இருக்கட்டும். மண் போக நன்றாகத் தேய்த்துக் கழுவி, தோல் சீவி, சின்னத் துண்டுகளாக்குங்கள். ஜூஸர் இருந்தால் அப்படியே போடலாம். மிக்ஸி என்றால் 100 மி.லி. தண்ணீர் விட்டு மைய அரைத்து மெல்லிய துணியில் பிழியுங்கள். நைட்ரேட் தண்ணீரில் கரையும் என்பதால் சக்கையை இன்னொரு 50 மி.லி. தண்ணீர் விட்டுப் பிசைந்து இரண்டாம் முறை பிழிந்து சேர்த்துக்கொள்ளுங்கள், தேங்காய்ப் பால் எடுப்பது போல. அரை எலுமிச்சை பிழிந்து, சின்னத் துண்டு இஞ்சி தட்டிப் போட்டால் மண் வாசனை அடங்கும்.

300 மி.லி. பச்சை ஜூஸ் சிலருக்கு வயிற்றில் கனமாக நிற்கும். அதற்கும் வழி உண்டு. நைட்ரேட் சூட்டில் அழியாது, ஆவியாகவும் போகாது. ஜூஸை அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும் வரை கிளறுங்கள். 300 மி.லி. 100 ஆகிவிடும், நைட்ரேட் அத்தனையும் உள்ளேயே இருக்கும். சர்க்கரை உள்ள சாறு என்பதால் கடைசிப் பத்து நிமிடம் அடிபிடிக்கும், கையை எடுக்காதீர்கள். சுண்டியதைச் சுத்தமான பாட்டிலில் ஊற்றி, ஆறியதும் உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாளைக்குள் குடித்துவிட வேண்டும். அதற்கு மேல் தேவை என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கலாம்.

இந்த இடத்தில் அசட்டை கூடாது. பச்சை ஜூஸை வெளியே மேசையில் விட்டால் காயோடு வந்த மண் பாக்டீரியாக்கள் பாட்டிலுக்குள்ளேயே நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றத் தொடங்கும். வாயில் சிறிது சிறிதாக நடக்க வேண்டியது பாட்டிலில் மொத்தமாக நடந்துவிட்டால், அதைக் குடிப்பவரின் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை இழக்கும். உதடும் நகமும் நீலம் பாயும், மூச்சு வாங்கும், தலை சுற்றும். அப்படி நடந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். காலையில் பிழிந்து, பையில் போட்டு, மதியம் மைதானத்தில் குடிக்கலாம் என்ற திட்டம் நம் ஊர் வெயிலில் வேண்டவே வேண்டாம். பிழிந்ததும் குடியுங்கள், அல்லது கொதிக்க வைத்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள்.

சமைத்துச் சாப்பிடலாமா என்றால், வேகவைத்த தண்ணீரைக் கொட்டாத வரை சாப்பிடலாம். வேகவைத்து வடித்த பொரியலில் நைட்ரேட்டில் ஒரு பங்கு வாஷ்பேசினில் போயிருக்கும். சூப்பிலும் குழம்பிலும் அது தங்கும். தண்டுக்கீரை, முளைக்கீரை, பசலை, முள்ளங்கி எல்லாவற்றிலும் நைட்ரேட் உண்டு. மேட்ச் வாரம் முழுக்கத் தினம் ஒரு கீரை என்பது மோசமான ஏற்பாடு இல்லை. ஜூஸின் மேல் அது ஒரு கூடுதல்.

வாரத் திட்டம்

ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு மேட்ச் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாள், தினம் ஒரு வேளை 400 மி.கி. எந்த நேரம் என்பது முக்கியமில்லை. மறக்காத நேரம் போதும், காலை உணவோடு என்றால் வசதி. ஒரே ஒரு நாள் குடித்துப் பார்த்த சோதனைகளில் சில எந்தப் பலனையும் காட்டவில்லை. அணி விளையாட்டுக்காரர்களிடம் பலன் காட்டியவற்றில் முக்கியமானவை பல நாள் குடித்தவை. அதனால் இந்த ஐந்து நாளை விட்டுவிட்டு மேட்ச் அன்று மட்டும் குடிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ஞாயிறன்று இரண்டு வேளை. காலை 8 மணிக்கு ஒன்று, மதியம் 1.15-லிருந்து 1.30-க்குள் இன்னொன்று. மதியச் சாப்பாட்டை 12.30-க்கு முடித்துவிட்டால் ஜூஸ் அதன் மேல் உட்காரும். வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும். சப்ஸ்டிட்யூட் ஆட்டக்காரருக்கும் இதே நேரம்தான். நைட்ரைட் அளவு உச்சத்துக்குப் பிறகு மெல்லத்தான் இறங்கும். அடுத்த நாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒரே நாளில் காலை 8-க்கும் மாலை 4-க்கும் இரண்டு ஆட்டம் உள்ள டோர்னமெண்ட் என்றால் காலை 5.30-க்கு ஒரு வேளை, மதியம் 1.30-க்கு ஒரு வேளை.

கோல்கீப்பருக்கு இதனால் என்ன லாபம் என்று சொல்ல ஆதாரம் போதாது. ஜூஸ் குறைவாக இருந்தால் அவர் பங்கை விங்கில் ஓடுகிறவருக்குக் கொடுத்துவிடலாம்.

பதினெட்டுப் பேருக்கு ஒரு வேளை ஜூஸுக்கே 10.8 கிலோ பீட்ரூட் வேண்டும். ஐந்து நாளும் மேட்ச் நாளின் இரண்டு வேளையும் சேர்ந்தால் 75 கிலோவைத் தாண்டும். மொத்த மார்க்கெட்டில் மூட்டையாக வாங்குங்கள். ஒவ்வொரு லீக் ஆட்டத்துக்கும் இதைச் செய்யத் தேவையில்லை, செய்யவும் கூடாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தினசரி நைட்ரேட்டுக்கு வைத்திருக்கும் வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 3.7 மி.கி.; 60 கிலோ ஆளுக்கு 222. நம் 400 அதைத் தாண்டுகிறது. அந்த வரம்பு வாழ்நாள் முழுக்கத் தினம் எடுப்பதற்கானது, ஒரு வாரத்துக்கானது இல்லை. கீரை நிறையச் சாப்பிடுகிறவர்கள் காய்கறியிலிருந்தே அதைத் தாண்டுவதும் உண்டு. இருந்தாலும் அரை இறுதி, இறுதி போன்ற ஆட்டங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே கெடுகிறது

முதல் குற்றவாளி மவுத்வாஷ். கிருமிநாசினி மவுத்வாஷ், குறிப்பாக குளோர்ஹெக்ஸிடின் உள்ளது, நாக்கின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். ஜூஸ் குடித்தாலும் நைட்ரேட் நைட்ரேட்டாகவே நின்றுவிடும். பல் வைத்தியர் எழுதிக்கொடுத்திருந்தால் அந்தக் கோர்ஸ் முடியட்டும், பீட்ரூட் அடுத்த மேட்சுக்கு இருக்கட்டும். ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே நிலைதான். பல் தேய்ப்பதையும் நாக்கு வழிப்பதையும் நிறுத்த வேண்டியதில்லை.

அடுத்தது, துப்புவது. மைதானத்தில் நின்றால் சும்மா துப்பிக்கொண்டே இருக்கும் பழக்கம் நம் ஆட்டக்காரர்களில் பலருக்கு உண்டு. ஜூஸ் குடித்த பின் அந்த மூன்று மணி நேர எச்சிலில்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சரக்கு இருக்கிறது. விழுங்கச் சொல்லுங்கள்.

வயிறு கடமுடா என்றால் அளவைப் பாதியாக்கி இரண்டு நாள் பழக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். பீட்ரூட்டில் குடலில் நொதிக்கும் மாவுச்சத்து வகை ஒன்று உண்டு, வாயு பிடிக்கும். அதனால் முதல் முறையைப் பயிற்சி வாரத்தில்தான் வைக்க வேண்டும், ஃபைனல் அன்று இல்லை. மறுநாள் சிறுநீரும் மலமும் சிவப்பாக வந்து யாராவது பதறி ஃபோன் போடுவார்கள். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குச் சிறுநீரில் நிறம் இறங்கும். ரத்தம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் பீட்ரூட்டை நிறுத்தி இரண்டு நாள் ஆகியும் சிவப்பு போகவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர், நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர், வயாகரா போன்ற சில்டெனாஃபில் மாத்திரை எடுப்பவர் (கோச்சுகளும் மேனேஜர்களும் சேர்த்துத்தான்) டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அழுத்தம் இன்னும் இறங்கி மயங்கி விழலாம். பீட்ரூட்டில் ஆக்ஸலேட் அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கும் ஆகாது. மிஞ்சிய ஜூஸை வீட்டில் கைக்குழந்தைக்கு ஒரு ஸ்பூன்கூட ஊட்டக் கூடாது. அவர்கள் ரத்தம் நைட்ரைட்டைத் தாங்காது.

உங்கள் அணிக்குப் பலிக்கிறதா

ஒருவரை ஒரு தடவை ஓட விட்டு முடிவு கட்ட முடியாது. யோ-யோ முதல் நிலை டெஸ்டில் ஒரே ஆள் ஒன்றும் குடிக்காமல் இரண்டு நாள் ஓடினாலே முடிவு ஏறக்குறைய 5 சதவீதம் ஏறி இறங்கும். பீட்ரூட் தருவதோ 3 அல்லது 4. ஒரு ஆள் ஒரு ஷட்டில் கூட ஓடினால் அது பீட்ரூட்டா, முந்தின இரவுத் தூக்கமா என்று பிரிக்க வழியில்லை. மொத்த அணியின் சராசரியில்தான் அது தெரியும்.

பதினெட்டுப் பேரை ஒன்பது ஒன்பதாகச் சீட்டுப் போட்டுப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு ஐந்து நாள் ஜூஸ், மறு பாதிக்கு அதே அளவு சர்க்கரை உள்ள ரோஸ் சர்பத். ஆறாம் நாள் டெஸ்டுக்கு இரண்டரை மணி நேரம் முன் கடைசி வேளை. பத்து நாள் இடைவெளி விட்டு இரண்டு பாதியையும் மாற்றி, அதே கிழமை, அதே நேரம், அதே தரை, அதே பூட்ஸில் மறுபடி ஓட விடுங்கள். இரண்டு டெஸ்டுக்கும் முன் 48 மணி நேரம் கடும் பயிற்சி வேண்டாம். ஆய்வுக்கூடங்களில் பிசின் வடிகட்டியால் நைட்ரேட்டை மட்டும் நீக்கிய பீட்ரூட் ஜூஸையே ஒப்பீட்டுக்குக் கொடுப்பார்கள். அந்த வசதி நமக்கு இல்லை. குடிப்பவரை ஏமாற்ற முடியாது, ஆனால் கோட்டில் நின்று எண்ணுகிறவருக்காவது யார் எதைக் குடித்தார் என்று தெரியக் கூடாது. இரண்டும் நாக்கைச் சிவக்க வைக்கும் என்பதால்தான் நன்னாரிக்குப் பதில் ரோஸ்.

இரண்டு டெஸ்டின் மீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொருவருக்கும் ஜூஸ் கழித்தல் சர்பத் என்று வித்தியாசம் எடுத்து, பதினெட்டையும் கூட்டிப் பதினெட்டால் வகுங்கள். 40 மீட்டருக்கு அருகில் வந்தால் செலவு செய்யலாம். சுழியைச் சுற்றியே நின்றால் முதலில் மவுத்வாஷையும் நேரத்தையும் சரிபாருங்கள், பிறகு காய் வாங்கும் கடையை மாற்றி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் அதே நிலை என்றால் அந்த 75 கிலோ காசுக்கு முட்டையும் வாழைப்பழமும் வாங்கிப் போடுங்கள்.